பெட்ரோல் விலையை வைத்து ஆளுங்கட்சியை எடைபோடுவது எப்படி? ஒரு பங்க் கேஷியரின் நோட்டு

என் அக்கா மகளுக்கு இப்போதுதான் வாக்காளர் அட்டை வந்தது. வந்த கையோடு என்னிடம் கேட்டாள்: “மாமா, இருபத்திரண்டு வருஷம் பெட்ரோல் பங்க் கல்லாவுல உக்காந்திருந்தீங்க. விலையை ஏத்துனவங்களுக்கு ஓட்டுப் போடாதேன்னு எல்லாக் கட்சியும் சொல்லுது. யாரு ஏத்துனாங்கன்னு எப்படி மாமா கண்டுபிடிக்கிறது?”

யாருக்குப் போடவேண்டும் என்று நான் வாய் திறக்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் ஒரு கட்சி, நான் ஒரு கட்சி. தீபாவளிக்கு அந்த வீட்டில் இலை போடவேண்டுமே. அதற்குப் பதிலாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, எதை எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பங்க்கில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்தது திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில். டூ வீலர்காரர்களில் பாதிப்பேர் லிட்டர் கணக்கில் போடமாட்டார்கள். “நூறுக்குப் போடு” அவ்வளவுதான். விலை என்ன என்று போர்டைப் பார்க்கிறவர்கள் குறைவு. எங்கள் பங்க்குக்கு ஒரு கொத்தனார் வருவார். தினமும் முப்பது கிலோமீட்டர் போய்வருவது. லிட்டர் எழுபது ரூபாயை ஒட்டி இருந்த 2017இல் அவருடைய நூறு ரூபாய்க்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விழும். இரண்டு நாள் ஓடும். 2021 ஜூலையில் சென்னையில் விலை நூறைத் தாண்டியபோது அதே நூறு ரூபாய்க்கு ஒரு லிட்டர்கூட முழுதாக இல்லை. ஒன்றரை நாளில் வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது.

அவர் அரசாங்கத்தைத் திட்டினார் என்றா நினைக்கிறீர்கள்? முதலில் வண்டியைத் திட்டினார். கார்ப்பரேட்டர் சுத்தம் செய்தார். அப்புறம் எங்களைத் திட்டினார்: “அளவுல கை வெக்கிறீங்கய்யா.” முத்திரை போட்ட ஐந்து லிட்டர் அளவுக் கேனை எடுத்துவந்து அவர் கண் முன்னாலேயே ஊற்றிக் காட்டினோம். சரியாகக் கழுத்துக் கோட்டில் நின்றது. அதற்கப்புறம்தான் போர்டைத் திரும்பிப் பார்த்தார். பொதுவாக, விலையேற்றத்தின் கோபம் முதலில் வண்டிமேல், அப்புறம் பங்க் பையன்மேல், கடைசியில்தான் அரசாங்கத்தின் மேல் போகும். அந்தக் கடைசிக் கட்டம் வருவதற்குள் தேர்தல் முடிந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் நோட்டு.

நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள். தேதி, போர்டு விலை, மத்திய அரசின் கலால் வரி, மாநிலத்தின் வாட் (விற்பனை வரி), கச்சா எண்ணெய் விலை. தினமும் எழுதவேண்டாம், எது மாறினாலும் அன்றைக்கு எழுதினால் போதும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டுவையுங்கள். அங்கே தேர்தல் தேதிகளை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதவேண்டும். வரி விவரமும் இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயின் சராசரி விலையும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழ் இருக்கும் திட்டமிடல், பகுப்பாய்வுப் பிரிவின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

கச்சா விலை பீப்பாய்க்கு டாலரில் இருக்கும். ஒரு பீப்பாய் 159 லிட்டர். டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி 159ஆல் வகுத்தால் ஒரு லிட்டர் கச்சாவின் விலை ரூபாயில் வந்துவிடும். 80 டாலர், ஒரு டாலருக்கு 83 ரூபாய் என்றால் லிட்டர் சுமார் 42 ரூபாய். இதில் சுத்திகரிப்பு, கப்பல் கூலி எல்லாம் சேராது. ஆனாலும் நம் தேவைக்கு இந்தக் கணக்கு போதும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கச்சா விலை இன்று ஏறினால் நாளையே போர்டு ஏறவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இரண்டு வாரம் தள்ளிப் பாருங்கள். இன்னொன்று, டாலர் விலை மாறாமல் இருந்தாலும் ரூபாய் சரிந்தால் நமக்கு விலை ஏறும். 2014 நடுவில் ஒரு டாலர் அறுபது ரூபாய். 2022 முடிவில் எண்பதைத் தாண்டிவிட்டது. கட்சிக்காரர்கள் “அப்போ கச்சா 110 டாலர், இப்போ 80 டாலர்தான்” என்று மேடையில் ஒப்பிடும்போது இந்த விஷயத்தைச் சௌகரியமாக விட்டுவிடுவார்கள்.

சரி, இந்த நோட்டு எதைக் காட்டும்? ஒரே ஒரு வாரத்தை எடுத்துக் காட்டுகிறேன். 2020 மே முதல் வாரம்.

ஊரடங்கு. சாலையில் ஆம்புலன்ஸும் போலீஸ் ஜீப்பும்தான். ஷிப்டுக்கு நாங்கள் இரண்டே பேர். அதற்கு முந்தைய மாதம் இந்தியா வாங்கிய கச்சாவின் சராசரி விலை பீப்பாய்க்கு 20 டாலருக்கும் கீழே போயிருந்தது. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் லிட்டர் பத்து ரூபாய்கூட இல்லை. தண்ணீர் பாட்டில் அதைவிட விலை அதிகம் என்று எங்கள் மேனேஜர் சிரித்தார். மே 4 அன்று தமிழ்நாடு அரசு வாட்டை மாற்றியது. அதுவரை பெட்ரோலுக்கு 34 சதவீதம் என்று இருந்ததை 15 சதவீதம், அதோடு லிட்டருக்கு 13 ரூபாய் 2 காசு என்று பிரித்தார்கள். பெட்ரோல் 3 ரூபாய் 25 காசும் டீசல் 2 ரூபாய் 50 காசும் ஏறியது. போர்டை மாற்றினோம்.

மே 5 ராத்திரி மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. ஏற்கனவே மார்ச்சில் மூன்று மூன்று ரூபாய் ஏற்றியிருந்தார்கள். ஆக, பெட்ரோலில் 19 ரூபாய் 98 காசாக இருந்த மத்திய வரி இரண்டே மாதத்தில் 32 ரூபாய் 98 காசு ஆனது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போர்டைப் பார்த்தேன். ஒரு காசுகூட அசையவில்லை. கச்சா சரிந்ததால் குறைந்திருக்கவேண்டிய விலை, வரியாக மாறிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, யாரும் திட்டவில்லை. மேயில் கச்சா மெல்ல ஏறத் தொடங்கியது, ஜூன் முதல் வாரத்துக்குப் பிறகு போர்டும் தினம் தினம் ஏறியது. அப்போது மேடையில் சொன்னது, “உலகச் சந்தையில் விலை ஏறிவிட்டது.”

அக்கா மகளிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். விலை ஏறும் நாளைப் பார்க்கிற வேலையை எல்லாரும் செய்வார்கள், தொலைக்காட்சியே செய்துவிடும். கச்சா இறங்கியும் போர்டு இறங்காத நாளைக் குறித்துவை. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரி வரை கச்சா இறங்க இறங்க, கலால் வரி ஒன்பது முறை ஏறியது. 2025 ஏப்ரலிலும் லிட்டருக்கு 2 ரூபாய் வரி ஏறியது, போர்டு அசையவில்லை. ஆளுங்கட்சி என்ன செய்தது என்பதற்கு, ஏறிய நாளைவிட இந்த அசையாத நாள்தான் நல்ல சாட்சி.

இனி சிவப்புப் பேனா. முன்பெல்லாம் விலை மாதத்தில் இரண்டு தடவை மாறும், 1ஆம் தேதியும் 16ஆம் தேதியும். அதற்கும் முன்னால், அரசாங்கம் சொன்னால்தான் மாறும். “நள்ளிரவு முதல் விலை உயர்வு” என்று செய்தியில் ஓடியதும் பங்க்கில் வரிசை சாலை வரைக்கும் நிற்கும். கேன் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். 2012 மேயில் பெட்ரோலை ஒரே அடியாக ஏழரை ரூபாய்க்குச் சற்று மேல் ஏற்றினார்கள். மாதம் முடிவதற்குள் நாடு முழுக்க பந்த். அதே வருடம் செப்டம்பரில் டீசல் 5 ரூபாய் ஏறியது, மானிய சிலிண்டருக்கு வருடத்துக்கு ஆறு என்று வரம்பும் வந்தது. சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டையும் சேர்த்துக் காரணம் காட்டி மம்தா பானர்ஜி மன்மோகன் சிங் அரசுக்குக் கொடுத்த ஆதரவை விலக்கிக்கொண்டார்.

2017 ஜூன் 16லிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாறும் என்று ஆனது. பைசா பைசாவாக ஏறுவதற்கு யாரும் வரிசையில் நிற்பதில்லை, பந்த் நடத்துவதும் இல்லை. (தொடங்கிய புதிதில் ஒரு நாள் நான் போர்டை மாற்ற மறந்துவிட்டேன். போர்டில் ஒரு விலை, மெஷினில் பன்னிரண்டு காசு கூடுதல். ஒரு வாத்தியார் அரை மணி நேரம் என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார். அவர் சொன்னது நியாயம்தான்.) 2022 மார்ச் 22லிருந்து ஏப்ரல் 6 வரைக்கும், பெரும்பாலான நாள்கள் எண்பது எண்பது காசாக ஏறி மொத்தம் 10 ரூபாய் ஏறியது. 2012இல் ஏழரை ரூபாய்க்கு எழுந்த சத்தத்தில் பாதிகூட இந்தப் பத்து ரூபாய்க்கு எழவில்லை. ஒரே அடியாக ஏற்றினால்தான் செய்தி.

தினமும் மாறும் என்றுதானே விதி? எப்போதெல்லாம் மாறாமல் நின்றது என்று நோட்டில் பாருங்கள். 2018 மே 12 கர்நாடகத் தேர்தல். அதற்கு முன் 19 நாள் போர்டு நின்றது. ஓட்டுப்பதிவு முடிந்து இரண்டாம் நாள், மே 14, மறுபடி ஏறத் தொடங்கியது. 2021இல் தமிழ்நாடு, மேற்கு வங்கம், கேரளம், அசாம், புதுச்சேரி தேர்தல் சமயத்தில் பிப்ரவரி கடைசிக்குப் பிறகு ஏற்றமே இல்லை, இடையில் சில காசுகள் குறையவும் செய்தன. மே 2 எண்ணிக்கை. மே 4 ஏற்றம். அடுத்து உத்தரப்பிரதேசம், பஞ்சாப் தேர்தல்: 2021 நவம்பர் 4லிருந்து 137 நாள் அசைவில்லை. நடுவில் உக்ரைன் போர் வந்து கச்சா 130 டாலரைத் தாண்டிப் போனபோதும் அசைவில்லை. 2024 மார்ச் 15 அன்று 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் மக்களவைத் தேர்தல் தேதி அறிவிப்பு.

விலையை எண்ணெய் நிறுவனங்களே தீர்மானிக்கின்றன, அரசுக்குச் சம்பந்தமில்லை என்று மத்திய அமைச்சர்கள் சொல்வார்கள். பெட்ரோலுக்கு 2010 ஜூனிலும் டீசலுக்கு 2014 அக்டோபரிலும் விலைக் கட்டுப்பாடு நீங்கியது என்பது காகிதத்தில் உண்மைதான். முதலாவது காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, இரண்டாவது பாஜக ஆட்சி. அதனால் இந்த விஷயத்தில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் சிவப்பு மசித் தேதிகளுக்குப் பக்கத்தில் நின்றுபோகும் போர்டை அந்தக் காகிதம் விளக்காது. இதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்: அப்படி நிறுத்திவைத்ததில் நிறுவனங்களுக்கு நிஜமாகவே அடி விழுந்தது. 2022 ஏப்ரலிலிருந்து ஜூன் வரையிலான காலாண்டில் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து 18,000 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டின. அப்புறம் கச்சா இறங்கியபோது போர்டை இறக்காமல் அதைச் சரிக்கட்டிக்கொண்டன. தேர்தலுக்காகக் கொடுத்த சலுகையின் பில் பின்னால் நமக்குத்தான் வரும்.

அடுத்தது, மத்திய அரசா மாநில அரசா என்ற சண்டை. எங்கள் பங்க் இருந்த இடம் இதற்கு ஒரு பாடசாலை. எங்களிடமிருந்து கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே லிட்டருக்குப் பல ரூபாய் குறைவு. லாரிக்காரர்கள் எங்களிடம் எல்லை தாண்டும் அளவுக்கு மட்டும் டீசல் போட்டுக்கொண்டு, அங்கே போய் டேங்கை நிரப்புவார்கள். டூ வீலர்காரர் மாதிரி இல்லை, லாரிக்காரருக்குக் காசு வரைக்கும் கணக்கு தெரியும். கச்சா ஒன்றுதான், மத்திய வரி ஒன்றுதான். பக்கத்து மாநில போர்டுக்கும் உங்கள் ஊர் போர்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி மாநில அரசு போட்டது. இதைவிடச் சுலபமான கணக்கு கிடையாது.

தமிழ்நாட்டில் வாட் இரண்டு பகுதி. 2021 ஆகஸ்ட் குறைப்புக்குப் பிறகு பெட்ரோலுக்கு 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. டீசலுக்கு 11 சதவீதம், அதோடு 9 ரூபாய் 62 காசு. சதவீதப் பகுதி விலையோடு ஏறி இறங்கும். மத்திய அரசு டீசல் வரியை 10 ரூபாய் குறைத்தால், மாநிலம் ஒன்றும் செய்யாமலே அதன் வரியிலும் 1 ரூபாய் 10 காசு குறையும். நிலையான பகுதி எதற்கும் அசையாது. விலை சரிந்தாலும் கஜானாவுக்கு அந்தப் பணம் வரும். மத்திய அரசின் வரியிலும் இப்படி ஒரு பூட்டு உண்டு. 2022 மேக்குப் பிறகு பெட்ரோலில் இருந்த 19 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்குபோடும் அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு மட்டும். அதில் 41 சதவீதம்தான் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. 57 காசு! மீதமெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் டெல்லியிலேயே நின்றுவிடும். “மாநிலம் வாட்டைக் குறைக்கட்டும்” என்று மத்தியில் சொல்லும்போதும், “செஸ்ஸைக் குறைக்கட்டும்” என்று இங்கே சொல்லும்போதும், இருவரும் சொல்வது உண்மை. தங்கள் கையில் இருப்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் தீரும் என்று யாராவது பேசினால், 2021 செப்டம்பரில் லக்னோவில் நடந்த கவுன்சில் கூட்டத்தில் அது பேச்சுக்கு வந்தபோது இப்போது வேண்டாம் என்று முடிவானதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக் கணக்கும் போடவேண்டும். வண்டியே இல்லாத வீட்டுக்கு பெட்ரோல் விலையால் என்ன என்று என் அக்கா கேட்டாள். காய்கறி லாரி டீசலில்தானே வருகிறது. அதைவிட நேராக அடித்தது பஸ் கட்டணம். 2018 ஜனவரியில் இங்கே பஸ் கட்டணத்தை ஏற்றியபோது டீசல் விலையையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். டவுன் பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆனது. மாணவர்கள் சாலைக்கு வந்ததும் பத்து நாளுக்குள் 4 ஆனது. போர்டில் டீசல் மூன்று ரூபாய் ஏறினால் கேட்காத ஆள், டிக்கெட்டில் இரண்டு ரூபாய் ஏறினால் கேட்பார். மூன்று வருடம் கழித்து, புது ஆட்சி வந்ததும் முதல் நாள் கையெழுத்துகளிலேயே சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் இடம்பெற்றது. ஓட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விலை ஏறினால் ஆளுங்கட்சி தோற்குமா? கல்லாவில் உட்கார்ந்து கேட்டதை மட்டும் வைத்துச் சொல்வதென்றால் ஒவ்வொரு தேர்தலிலும் ஆளுங்கட்சிக்கு டெபாசிட் போயிருக்கவேண்டும். அப்படி நடக்கவில்லை. 2021 நவம்பரில் இமாச்சலத்தில் மண்டி மக்களவைத் தொகுதியிலும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளிலும் நடந்த இடைத்தேர்தலில் பாஜக தோற்றது. அந்த மாநில முதல்வரே விலைவாசியைக் காரணமாகச் சொன்னார். முடிவு வந்த மறுநாள் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10 ரூபாய் வரிக் குறைப்பை அறிவித்தது. ஆனால் நான்கே மாதத்தில் உத்தரப்பிரதேசத்தில் அதே கட்சி 255 இடங்களோடு ஜெயித்தது. விலை இறங்கினால் ஓட்டு கிடைக்கும் என்பதும் நிச்சயமில்லை. 2015 டெல்லித் தேர்தல் பிரசாரத்தில் பெட்ரோல் விலை குறைந்ததைப் பிரதமரே பெருமையாகப் பேசினார். கிடைத்தது 70இல் 3. என் கணிப்பு இதுதான்: ஏற்கனவே கோபத்தில் இருக்கிறவருக்கு விலை ஒரு வசதியான வாதம். நடுவில் நிற்பவரை அது தானாகத் தள்ளாது. வேலை போனது, கூலி ஏறாதது போன்ற இன்னொன்று கூடவே இருந்தால் தள்ளும். அந்தக் கொத்தனாருக்கும் கூலி கூடியிருந்தால் கார்ப்பரேட்டரோடு நின்றிருப்பார்.

இனி, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் என்ன கேட்பது? போராட்டப் படத்தைக் காட்டினால் மயங்கவேண்டாம். 1973இல் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போன காலத்திலிருந்து எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாரும் வண்டி ஓட்டியிருக்கிறார்கள். “குறைப்போம்” என்றால் எந்த வரியில், எத்தனை ரூபாய், எந்த மாதத்துக்குள், அந்தப் பணத்தை எங்கிருந்து ஈடுகட்டுவீர்கள் என்று கேளுங்கள். 2021இல் திமுக தேர்தல் அறிக்கை பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 4 ரூபாய் என்று சொன்னது. ஆகஸ்டில் வந்த முதல் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைந்தது. வருடத்துக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று நிதியமைச்சர் கணக்கும் சொன்னார். டீசலுக்கான 4 அந்த பட்ஜெட்டில் இல்லை. நோட்டில் இதை “மூன்று கொடுத்தார்கள்” என்றும் எழுதலாம், “இரண்டும் நான்கும் பாக்கி” என்றும் எழுதலாம். நான் இரண்டையும் எழுதினேன். வருகிற ஆள் வட்டச் செயலாளராக இருந்தால் பதில் தெரியாது, மேலே கேட்டுச் சொல்கிறேன் என்பார். பரவாயில்லை, அவர் பெயரையும் தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் நோட்டில் இப்போது பதினேழு வரி இருக்கிறது. ஓட்டுப் போட்டு முடிந்ததும் நோட்டை மூடிவிடலாமா என்று கேட்டாள். கூடாது. எண்ணிக்கை நாளுக்குப் பிறகு பதினைந்து நாளுக்கு வெறும் கட்டம் போட்டுவைத்திருக்கிறேன், காலை ஆறு மணி விலையை அதில் எழுதவேண்டியது அவள் பொறுப்பு.